கண்ணால் பார்த்தும் கற்காத பாடம்

1898 செப்டம்பர் 2. சூடானில் நைல் நதிக்கரையில், ஒம்துர்மான் நகருக்கு வெளியே இருக்கும் கெரரி சமவெளி. விடிந்ததும், சூடானை ஆண்ட கலீஃபா அப்துல்லாஹியின் படை சுமார் 50,000 பேருடன் அலை அலையாக முன்னேறியது. பெரும்பாலோர் கையில் ஈட்டியும் வாளும். சிலரிடம் பழைய துப்பாக்கிகள். எதிரே பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் தலைமையில் ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட ஆங்கில-எகிப்தியப் படை. அவர்களிடம் புது ரகத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருந்தன. கரையிலும் நதியில் நின்ற போர்ப்படகுகளிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்ட மேக்ஸிம் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சூடான் தரப்பில் மாண்டவர்கள் 10,000-க்கும் மேல். எதிர்த்தரப்பில் 48 பேர்.

1916 ஜூலை 1. முதல் உலகப் போர், பிரான்ஸில் சோம் நதிப் பகுதி. ஒரு வாரம் இடைவிடாமல் பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்த பிறகு, பிரிட்டிஷ் காலாட்படை காலை ஏழரை மணிக்குப் பதுங்குகுழிகளை விட்டு மேலேறி ஜெர்மானிய அணியை நோக்கி நடந்தது. முள்கம்பி வேலிகள் பல இடங்களில் அறுபடாமல் அப்படியே நின்றன. ஆழமான நிலவறைகளில் உயிர் தப்பியிருந்த ஜெர்மானியர்கள் தங்கள் இயந்திரத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட இழப்பு 57,470 பேர். அவர்களில் இறந்தவர்கள் 19,240. போமோன் ஹமேல் கிராமத்துக்கு எதிரே களமிறங்கிய நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவில் சுமார் 800 பேர் இருந்தார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

இரண்டு போர்களுக்கும் நடுவே பதினெட்டு ஆண்டுகள். துப்பாக்கியும் அடிப்படையில் ஒன்றுதான். சோமில் ஜெர்மானியர்கள் இயக்கிய எம்.ஜி.08, ஹிராம் மேக்ஸிம் 1884-இல் உருவாக்கிய அதே பொறியின் ஜெர்மானிய வடிவம். சுடும்போது எழும் பின்னுதைப்பைக் கொண்டே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். குழல் சூடேறாமலிருக்க அதைச் சுற்றித் தண்ணீர் உறை. நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டாக்கள். இதற்கு முன்பிருந்த கேட்லிங் துப்பாக்கியைக் கையால் சுற்ற வேண்டும். மேக்ஸிமுக்கு விசையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும்.

இந்த இரண்டு நாள்களையும் இணைப்பது துப்பாக்கி மட்டுமல்ல, மனிதர்களும்தான். சோம் தாக்குதலுக்கு ஒட்டுமொத்தத் தலைமை வகித்தவர் டக்ளஸ் ஹெய்க். முதல் நாளின் பெரும் சுமையைச் சுமந்த நான்காவது படையின் தளபதி ஹென்றி ராலின்ஸன். இருவரும் 1898-இல் ஒம்துர்மானில் இருந்தவர்கள். ஹெய்க் எகிப்தியக் குதிரைப்படையுடன் இருந்தார். ராலின்ஸன் கிச்சனரின் அலுவலர் குழுவில் இருந்தார். அந்தக் கிச்சனர்தான் 1914-இல் பிரிட்டனின் போர் அமைச்சரானார். அவர் சுவரொட்டிகளில் விரல் நீட்டி அழைத்துச் சேர்த்த தன்னார்வ இளைஞர்கள்தாம் சோமில் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். திறந்தவெளியில் நடந்து வரும் மனிதர்களை மேக்ஸிம் என்ன செய்யும் என்பதை இந்தத் தளபதிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணால் பார்த்தவர்கள்.

பார்த்தும் ஏன் கற்கவில்லை? ஆயுதங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாகக் கருவிகளின் வரிசையைச் சொல்கிறார்கள்: வில்லுக்குப் பின் வெடிமருந்து, வெடிமருந்துக்குப் பின் இயந்திரத் துப்பாக்கி, பின்னர் டாங்கி, விமானம், ஏவுகணை, ட்ரோன். அந்த வரிசையைவிட முக்கியமானது, ஒவ்வொரு கருவியும் முதலில் யார்மீது பாய்ந்தது, அவர்களுடைய சாவை யார் கணக்கில் எடுத்தார்கள் என்ற கேள்வி என்று நான் நினைக்கிறேன். ஒம்துர்மானில் இறந்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். ஆகவே அதைப் பார்த்த ஐரோப்பியக் கண்ணுக்கு அது ஆயுதத்தின் வலிமையாகத் தெரியவில்லை. தன் இனத்தின் உயர்வாகத் தெரிந்தது. ‘நாகரிகமில்லாத’ கூட்டம் கண்மூடித்தனமாக ஓடிவந்து செத்தது. ஒழுங்கான ஐரோப்பியப் படைக்கு அந்த கதி வராது என்று நம்பினார்கள். 1893-இல் இன்றைய ஜிம்பாப்வேயின் ஷங்கானி நதிக்கரையில் ஒரு சில மேக்ஸிம் துப்பாக்கிகளால் நிடெபெலே வீரர்கள் நூற்றுக்கணக்கில் வீழ்த்தப்பட்டபோதும் இதே எண்ணம்தான்.

இது மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறாகிவிடும். 1916-இல் ஹெய்க்குக்கு வேறு நெருக்கடிகள் இருந்தன. வெர்டனில் பிரெஞ்சுப் படை ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்க எங்காவது தாக்கியாக வேண்டும். பீரங்கி எல்லாவற்றையும் அழித்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அனுபவமில்லாத புதுப் படையைச் சிக்கலான முறைகளில் நகர்த்த முடியாது என்ற கவலையும் இருந்தது. கலீஃபாவின் படையும்கூடப் பழைய வெற்றியின் நினைவில்தான் பகல் வெளிச்சத்தில் திறந்தவெளியில் பாய்ந்தது. 1883-இல் ஷைகானில் பிரிட்டிஷ் அதிகாரி ஹிக்ஸ் தலைமையிலான எகிப்தியப் படையை அவர்கள் பெருங்கூட்டமாகப் பாய்ந்துதான் துடைத்தெறிந்திருந்தார்கள். ஒருமுறை வென்று தந்த உத்தியைக் கைவிட எந்தப் படைக்கும் எளிதில் மனம் வராது. ஆனாலும், 1914-இல் போர் மூண்டபோது ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு வெறும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளே இருந்தன என்பதை இந்தக் காரணங்கள் எதுவும் விளக்கவில்லை. பேரரசின் எல்லைகளில் தனக்கு வெற்றிமேல் வெற்றி தேடித்தந்த கருவியைத் தன் சொந்தப் போர்த் திட்டத்தில் ஓரத்தில் வைத்திருந்தது அந்த ராணுவம்.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. ஒம்துர்மான் நடந்த அதே 1898-இல், வார்சாவில் ரயில்வேயிலும் வங்கித் தொழிலிலும் பொருளீட்டிய யான் பிளாக் ஆறு தொகுதிகளில் ஒரு பெருநூலை வெளியிட்டார். புதிய துப்பாக்கிகளின் தூரமும் வேகமும் தாக்குகிறவனைத் தரையில் படுக்க வைத்துவிடும். போர் என்பது மண்வெட்டியால் குழி தோண்டி உட்கார்ந்திருக்கும் முற்றுகையாகிவிடும். பஞ்சமும் புரட்சியும்தான் அதை முடித்துவைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பெரும்பாலான தளபதிகள் ஒரு வங்கிக்காரரின் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. அவர் 1902-இல் இறந்துபோனார். இரண்டே ஆண்டுகளில் ரஷ்ய-ஜப்பானியப் போர் மூண்டது. போர்ட் ஆர்தர் முற்றுகையில் முள்கம்பி, பதுங்குகுழி, இயந்திரத் துப்பாக்கி மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைப் பல நாட்டு ராணுவப் பார்வையாளர்கள் நேரிலேயே கண்டு அறிக்கை எழுதினார்கள். ஜப்பானியர்கள் பல்லாயிரம் பேரை இழந்து கடைசியில் வென்றார்கள். அந்த இழப்பிலிருந்து ஐரோப்பியத் தலைமைகள் எடுத்துக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? மன உறுதி இருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் வென்றுவிடலாம் என்பது. ஜப்பானியப் படையோடு பார்வையாளராக இருந்த பிரிட்டிஷ் தளபதி இயன் ஹாமில்டன்தான் 1915-இல் கலிப்போலியில் தரையிறங்கிய படைக்குத் தலைமை தாங்கினார்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் மூங்கிலிலோ காகிதத்திலோ செய்யப்பட்டவை அல்ல. இரும்புக் குழாயில் மருந்து அடைத்தவை. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் அவை நெடுந்தூரம் பாய்ந்தன. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சரணடைந்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. இங்கே செத்தவர்களில் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். அதனால் பாடம் உறைத்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச் சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டை வடிவமைத்தார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அந்த ராக்கெட்டுகளாலும் எரிந்தது. அடி வாங்கியவர்கள் தங்களவர்கள் என்றால், முப்பதே ஆண்டுகளுக்குள் ஓர் ஆயுதத்தை உள்வாங்கிக்கொள்ளத் தெரிந்த அரசுதான் அது.

போரைக் கட்டுப்படுத்தும் சட்டங்களிலும் இந்த இரட்டைக் கணக்கு படிந்திருக்கிறது. 1890-களில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையில் ஒரு தோட்டா உருவானது. முனையில் ஈயம் வெளியே தெரியும். உடலுக்குள் நுழைந்ததும் விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கும். வடமேற்கு எல்லைப் பழங்குடிகளைச் சுட அது தேவைப்பட்டது. 1899-இல் ஹேக் மாநாட்டில் விரியும் தோட்டாக்களைத் தடை செய்யும் தீர்மானம் வந்தபோது பிரிட்டன் எதிர்த்தது. அதன் பிரதிநிதி ஜான் ஆர்டா, நாகரிகமான எதிரி சிறு காயத்திலேயே விலகிவிடுவான், ‘காட்டுமிராண்டி’ விழாமல் ஓடிவருவான் என்ற பொருளில் வாதாடினார். 1907-இல்தான் பிரிட்டன் அந்தத் தடையை ஏற்றது. நச்சுவாயுவின் கதையும் அதுவே. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் ஜெர்மனி குளோரினைத் திறந்துவிட்டது. பிறகு இரு தரப்பும் பயன்படுத்தின. 1925-இல் ஜெனீவா நெறிமுறை நச்சுவாயுவைத் தடை செய்தது. இத்தாலி அதை ஏற்ற நாடு. 1935-இலும் 1936-இலும் எத்தியோப்பியாவின்மீது அதே இத்தாலி விமானங்களிலிருந்து மஸ்டர்ட் வாயுவைப் பொழிந்தது. 1936 ஜூன் 30 அன்று பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவுக்கே போய் தேசங்களின் சங்கத்தில் முறையிட்டார். அடுத்த மாதமே சங்கம் இத்தாலிமீதான பொருளாதாரத் தடைகளை விலக்கிக்கொண்டது.

விமானக் குண்டுவீச்சுதான் இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சாட்சி. அதை இந்தியர்களாகிய நாம் மறந்தது எனக்கு வருத்தம் தருகிறது. உலகில் விமானத்திலிருந்து முதன்முதலாகக் குண்டு விழுந்தது லிபியாவில். 1911 நவம்பர் 1 அன்று இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி கையால் எடுத்துப் போட்டார். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த மறுநாள், 1919 ஏப்ரல் 14 அன்று, பஞ்சாபின் குஜ்ரன்வாலா நகரத்தின்மீதும் சுற்றியிருந்த கிராமங்கள்மீதும் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. கூட்டங்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. கால்சா பள்ளி விடுதியும் தப்பவில்லை. அரசு அமைத்த ஹண்டர் குழுவின் விசாரணையில் இது பதிவாகியிருக்கிறது. ஜாலியன்வாலாபாக் நம் நினைவில் இருக்கிறது, குஜ்ரன்வாலா பெரும்பாலும் இல்லை. சொந்த ஆட்சிக்குட்பட்ட குடிமக்கள்மீது ஓர் அரசு வானிலிருந்து குண்டு வீசிய முதல் நிகழ்வுகளில் அது ஒன்று.

அடுத்து இராக். முதல் உலகப் போருக்குப் பின் செலவைக் குறைக்க, கலகம் செய்யும் கிராமங்களை விமானத்தாலேயே அடக்குவது என்று பிரிட்டன் முடிவெடுத்தது. இந்திய எல்லையிலும் அதே முறைதான். 1925 மார்ச் முதல் மே வரை தெற்கு வஜீரிஸ்தானில் மெஹ்சூத் பழங்குடிகள்மீது நடந்த நடவடிக்கையில் தரைப்படை இறங்கவே இல்லை, விமானங்கள் மட்டும். அதை நடத்திய விங் கமாண்டர் பிங்கின் பெயரிலேயே அந்தப் போர் அழைக்கப்படுகிறது. இந்தக் காலத்தில் இந்திய எல்லையிலும் இராக்கிலும் விமானப் படை அதிகாரியாக இருந்த ஆர்தர் ஹாரிஸ், 1942-இல் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்குத் தலைவரானார். ஹாம்பர்க்கில் சுமார் 37,000 பேரும் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேரும் எரிந்து மாண்டார்கள். அதற்கு முன்பே லண்டனும் கவென்ட்ரியும் ஜெர்மானியக் குண்டுகளுக்கு இரையாகியிருந்தன. குடிமக்கள் வாழும் இடத்தைத் தாக்கி அரசைப் பணியவைக்கலாம் என்ற எண்ணம் இராக்கின் மண் வீடுகளின்மேல் பழகிப் பார்க்கப்பட்ட ஒன்று. அப்போது ஐரோப்பாவில் அதை எதிர்த்துப் பேசியவர்கள் மிகச் சிலர். 1937-இல் ஸ்பெயினின் கெர்னிகா எரிந்தபோதுதான் ஐரோப்பா கலங்கியது.

2004 ஜூனில் அமெரிக்கா பாகிஸ்தானில் தன் முதல் ட்ரோன் தாக்குதலை நடத்தியது. இடம், அதே தெற்கு வஜீரிஸ்தான். எண்பது ஆண்டுகளில் விமானத்திலிருந்து விமானி இறங்கிவிட்டார்; கீழே இருந்தவர்கள் மாறவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் அங்கேயும் யேமனிலும் சோமாலியாவிலும் ட்ரோன்கள் சுற்றின. போர் நடப்பதாக யாரும் அறிவிக்கவில்லை. கொல்லப்பட்ட அப்பாவிகளின் எண்ணிக்கை எப்போதும் சர்ச்சையிலேயே இருந்தது. பெரிய ராணுவங்கள் ட்ரோனை, வான் பாதுகாப்பில்லாத ஏழை நாடுகளில் பயன்படுத்தும் கருவி என்றே வகைப்படுத்தி வைத்திருந்தன.

2020-இல் நகோர்னோ-கராபாக்கில் அஜர்பைஜான் 44 நாள் போரில் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களையும் இஸ்ரேலின் ஹாரோப் ரக வெடிகுண்டு ட்ரோன்களையும் கொண்டு அர்மீனியாவின் டாங்கிகளையும் பீரங்கிகளையும் வரிசையாக அழித்தது. பழைய ஏ.என்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டு, அவற்றைச் சுட முனைந்த எதிரியின் வான் பாதுகாப்புக் கருவிகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது. இது உத்தி மாறுவதன் அடையாளம் என்று சிலர் எழுதினார்கள். அர்மீனியாவிடம் இருந்தவை காலாவதியான கருவிகள், பெரிய ராணுவங்களுக்கு இது பொருந்தாது என்று பலர் எழுதினார்கள். ஒம்துர்மானுக்குச் சொன்ன அதே விளக்கம்.

2022-இல் ரஷ்யாவின் டாங்கி வரிசைகள் உக்ரைன் நெடுஞ்சாலைகளில் சிக்கியபோது விளக்கம் சொல்ல நேரமில்லை. இன்று அங்கே சில நூறு டாலர் விலையுள்ள சிறு ட்ரோன், பல லட்சம் டாலர் டாங்கியை வீழ்த்துகிறது. வீரர்கள் பெருங்கூட்டமாக நகர முடிவதில்லை. இரண்டு மூன்று பேராகப் பதுங்கிப் பதுங்கி, சில இடங்களில் மோட்டார் சைக்கிளில் விரைந்து முன்னேறுகிறார்கள். அலைவரிசையை முடக்கினால் ட்ரோன் விழுந்துவிடும் என்றதும், மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. அவற்றைத் தடுக்கச் சாலைகளின் மேல் கிலோமீட்டர் கணக்கில் வலை கட்டுகிறார்கள். தாக்கும் முறையும் தடுக்கும் முறையும் வாரக்கணக்கில் மாறுகின்றன. கெர்சோன் போன்ற நகரங்களில் தெருவில் நடக்கும் சாதாரண மனிதர்களை ட்ரோன்கள் துரத்தித் தாக்குகின்றன. நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2025 மே மாதத்தில், ஒரே இரவில் 300 முதல் 400 ட்ரோன்கள் பாகிஸ்தானிலிருந்து ஏவப்பட்டதாக இந்திய அரசே அறிவித்தது.

அடுத்த கட்டம், யாரைக் கொல்வது என்பதைப் பொறியே முடிவெடுப்பது. அது போர்க்களத்தில் பயன்பட்டதாக முதலில் பேச்சுக்கு வந்ததும் லிபியாவில்தான். 2020-இல் அங்கே நடந்த சண்டையில், இயக்குபவரோடு தொடர்பே இல்லாமல் இலக்கைத் தாக்கும்படி நிரல் எழுதப்பட்ட ஆயுதங்கள் பயன்பட்டதாக ஐ.நா. வல்லுநர் குழு 2021 அறிக்கையில் குறிப்பிட்டது. துருக்கித் தயாரிப்பான கார்கு-2-வை அது பெயர் சொல்லிக் காட்டியது. காஸாவில் தாக்கும் இலக்குகளைப் பட்டியலிட மென்பொருளைப் பயன்படுத்துவதை இஸ்ரேல் ராணுவமே சொல்லியிருக்கிறது. இந்த இடங்களைக் கவனியுங்கள். லிபியா, காஸா. எதிர்த்துக் கேட்க வலிமையில்லாத மக்கள் வாழும் இடங்களிலேயே மறுபடியும் சோதனை நடக்கிறது.

2023 டிசம்பரில் தன்னியக்க ஆயுதங்களைப் பற்றி ஐ.நா. பொதுச்சபை முதன்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உடனடித் தடை எதையும் அது விதிக்கவில்லை. நாடுகளின் கருத்துகளைத் திரட்டி அறிக்கை தரும்படி பொதுச்செயலாளரைக் கேட்டது, அவ்வளவுதான். 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: பெலாரஸ், மாலி, ரஷ்யா, இந்தியா. குறிப்பிட்ட வகை மரபு ஆயுதங்களுக்கான உடன்படிக்கையின் கீழ் ஜெனீவாவில் நடக்கும் பேச்சே இதற்குரிய மேடை, இணையாக இன்னொரு மேடை வேண்டாம் என்பது இந்தியாவின் வாதம். அந்த மேடையில் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்படுகின்றன. ஒரே ஒரு வல்லரசு தலையாட்ட மறுத்தால் போதும், எதுவும் நகராது. 2014 முதல் அங்கே பேசிக்கொண்டேயிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு எல்லையில் உண்மையான ஆபத்து இருக்கிறது. சீனாவும் பாகிஸ்தானும் உருவாக்கும் ஆயுதங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ட்ரோன்களையும் அவற்றைத் தடுக்கும் கருவிகளையும் நம் ராணுவம் வேகமாகச் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால், மனிதரைக் கொல்லும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்ற விதியை வலியுறுத்துவதற்கும் எல்லையைக் காப்பதற்கும் முரண்பாடு எதுவுமில்லை. எதிரியின் ட்ரோனைத் தானாகச் சுட்டு வீழ்த்தும் கருவி வேறு. கூட்டத்தில் யாரைக் கொல்வதென்று தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவி வேறு. இந்த வேறுபாட்டை உடன்படிக்கையாக எழுத முடியும். 2026-க்குள் அப்படி ஒன்று வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸும் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கமும் 2023-இல் கேட்டார்கள். டம்டம் தோட்டா தன் மண்ணில் உருவாகக் கண்ட, குஜ்ரன்வாலாவில் குண்டு வாங்கிய நாட்டின் வழிவந்தவர்கள் நாம். அந்த உடன்படிக்கைக்கான பேச்சில் இந்தியா ஒதுங்கி நிற்கக் கூடாது. வரைவை எழுதும் மேசையில் உட்கார வேண்டும். அதற்கு முன்பாக, மனிதக் கட்டுப்பாடு இல்லாமல் மனிதர்களைத் தாக்கும் ஆயுதத்தை இந்தியா உருவாக்காது, விற்காது என்று அரசு நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.